பாக்டீரியா என்சைம் கேன்சர் செல்லை மட்டும் கொல்லுமா? பைனேஸ், பார்னேஸ் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குடியாத்தம்_செல்வி
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சித்தப்பாவுக்கு நுரையீரலில் கேன்சர். வேலூரில்தான் பார்க்கிறோம், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. நேற்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாமா ஒரு செய்தி போட்டார். ரஷ்யாவில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து பைனேஸ் என்று ஒரு என்சைம் எடுத்திருக்கிறார்களாம். அது கேன்சர் செல்லை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்லுமாம், முடி கொட்டாதாம், வாந்தி வராதாம். அதற்குக் கீழேயே, லாட்ஜ்கள் இருக்கும் தெருவில் ஒரு கடையில் "அந்த வகை என்சைம்" பவுடராகக் கிடைக்கும் என்று ஒரு போன் நம்பர்: [நெறியாளரால் நீக்கப்பட்டது]. மாமா போய் வாங்கியும் வந்துவிட்டார்.

இப்படி ஒரு என்சைம் நிஜமாகவே இருக்கிறதா? இருந்தால் அதை மருந்தாக எங்காவது தருகிறார்களா? டாக்டரிடம் கேட்கும் முன் கொஞ்சம் தெரிந்துகொண்டு போகலாம் என்றுதான் இங்கே கேட்கிறேன்.

வெயிலூரான்
இன்னாங்க இது, வாரத்துக்கு ஒரு கேன்சர் மருந்து வாட்ஸ்அப்பில் வருது. போன வாரம் முள்சீத்தா இலை, இந்த வாரம் பாக்டீரியாவா? பவுடரைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

லேப்_அக்கா
செல்வி, பைனேஸ் நிஜம்தான். செய்தி எழுதியவர் அந்தப் பெயரை இட்டுக்கட்டவில்லை. பவுடர் கதை வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் காட்பாடிப் பக்கம் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். பைனேஸ், பார்னேஸ் எல்லாம் ஆர்.என்.ஏஸ் என்ற என்சைம் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆர்.என்.ஏ.வை வெட்டுவதுதான் அவற்றின் வேலை. எங்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே எரிச்சல். ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கும் நாளில் மேஜையைத் துடைத்து, கையுறையை மாற்றி மாற்றிப் போட்டு, பைப்பெட் டிப் பெட்டியைக்கூட யாரும் தொடாமல் தனியாக வைத்துக்கொள்வோம். நம் விரலிலேயே இந்த என்சைம் இருக்கிறது. வெறுங்கையால் ஒரு டியூப் மூடியின் உள்பக்கத்தைத் தொட்டால் போதும், ஆர்.என்.ஏ.வை ஓட்டிப் பார்க்கும் ஜெல்லில் இரண்டு பளிச்சென்ற பட்டைகள் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது, அடியில் மங்கலாக ஒரு இழுப்பு மட்டும் தெரியும். 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்தாலும் முழுசாகச் செத்துவிடும் என்று நம்ப முடியாது.

டி.என்.ஏ.வில் இருக்கும் செய்தியை எடுத்துப்போய்ப் புரதம் செய்ய வைப்பது ஆர்.என்.ஏ. அதை வெட்டித் தள்ளினால் புரதம் செய்வது நிற்கும், செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். அப்படியானால் உடம்பு முழுக்க ஆர்.என்.ஏஸ் வைத்துக்கொண்டு நாம் எப்படி உயிரோடு இருக்கிறோம்? நம் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் ரைபோநியூக்ளியேஸ் இன்ஹிபிட்டர் என்று ஒரு புரதம் உண்டு. பார்க்கக் குதிரை லாடம் மாதிரி வளைந்திருக்கும். நம் வகை ஆர்.என்.ஏஸ் தப்பி உள்ளே வந்தால் கவ்விக்கொள்ளும். புரதத்தைப் புரதம் பிடிக்கும் பிடிகளில் மிக இறுக்கமானவற்றில் அது ஒன்று. அதனால்தான் 1955-இல் லெடூ என்ற விஞ்ஞானி மாட்டுக் கணையத்து ஆர்.என்.ஏஸை விலங்குகளின் கட்டிகளில் செலுத்திப் பார்த்தபோது, கட்டி வளர்ச்சி குறைந்தாலும் மருந்து ஏகத்துக்குத் தேவைப்பட்டது. போட்டதில் உள்ளே போனதையெல்லாம் இந்த லாடம் பிடித்து வைத்துக்கொண்டது.

பாக்டீரியா ஆர்.என்.ஏஸ்கள் முற்றிலும் வேறு வம்சம். பைனேஸ் என்பது பாசில்லஸ் பியூமிலஸ் என்ற பாக்டீரியா வெளியே விடும் சின்னப் புரதம், 109 அமினோ அமிலம். பார்னேஸ் அதன் இரட்டைப்பிள்ளை மாதிரி, பாசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸிலிருந்து வருவது, 110 அமினோ அமிலம். மடிப்பும் அமைப்பும் நம்முடையதைப் போல இல்லாததால் நம் இன்ஹிபிட்டருக்கு இவற்றைப் பிடிக்கத் தெரியாது. உள்ளே நுழைந்துவிட்டால் தடுக்க ஆளில்லை. ரஷ்யாவில் கசான் பல்கலைக்கழகத்திலும், மாஸ்கோவின் எங்கல்ஹார்ட் மூலக்கூறு உயிரியல் நிறுவனத்திலும் இதை வருஷக்கணக்காக ஆராய்கிறார்கள்.

வெயிலூரான்
அக்கா, நல்லா சொன்னீங்க. ஆனால் ஓர் இடத்தில் இடிக்குதே. நம் காவல் புரதத்தால் பிடிக்க முடியாது என்றால், நல்ல செல்லுக்குள் போனாலும் அதேதானே நடக்கும்? "கேன்சர் செல்லை மட்டும்" என்பது எங்கிருந்து வந்தது?

முள்ளுக்கத்திரி
வெயிலூரான் கேட்டதற்கு வயல்பக்கத்திலிருந்து ஒரு பதில். நான் விவசாயம் படித்தவன், அணைக்கட்டுப் பக்கம். லேப்_அக்கா சொல்லும் பார்னேஸ் எங்களுக்குப் பழைய ஆள். மரபணு மாற்றிய கடுகு டி.எம்.எச்.-11 என்று 2022 அக்டோபரில் ஒரே ரகளையாக இருந்ததே, ஜி.இ.ஏ.சி. என்ற மத்திய அரசுக் குழுவின் பரிந்துரை, அப்புறம் உச்ச நீதிமன்றம் என்று? அந்தக் கடுகுக்குள் இருப்பது இதே பார்னேஸ் ஜீன்தான்.

கடுகுப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். கலப்பின விதை வேண்டுமானால் ஒரு செடியை ஆண்மலடாக்க வேண்டும். மகரந்தத்துக்குச் சாப்பாடு கொடுக்கும் டப்பீட்டம் என்ற திசுவில் மட்டும் பார்னேஸ் உருவாகும்படி வைத்துவிடுகிறார்கள். அந்தத் திசு செத்துவிடும், மகரந்தம் வராது, மற்றபடி செடிக்கு ஒன்றும் ஆகாது. பிறகு அந்தக் கலப்பினம் விவசாயி நிலத்தில் காய்க்க வேண்டுமே, அதற்காக இன்னொரு பெற்றோர்ச் செடியில் பார்ஸ்டார் ஜீன். பார்னேஸைத் தடுக்கவென்றே அந்த பாக்டீரியா தனக்குள் வைத்திருக்கும் புரதம் அது. பார்னேஸால் ஆண்மலடாக்கும் உத்தியை 1990-இலேயே புகையிலையிலும் கடுகு இனத்திலும் செய்து காட்டிவிட்டார்கள்.

ஜி.எம். கடுகு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையை இங்கே இழுக்கவில்லை. விஷயம் இதுதான்: டப்பீட்டம் கேன்சர் செல் கிடையாது, சாதாரணத் திசு. பார்னேஸ் உள்ளேயே உருவானால் அதையும் கொன்றுவிடுகிறது. எனவே உள்ளே போன பிறகு இந்த என்சைம் நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை.

லேப்_அக்கா
முள்ளுக்கத்திரி சார் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். பார்னேஸை ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் தயாரிக்க வேண்டுமானாலும் பார்ஸ்டாரையும் சேர்த்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தயாரிக்கிற பாக்டீரியாவே செத்துவிடும். ஆக, கேன்சர் செல் எங்கே வித்தியாசப்படுகிறது என்றால், பெரும்பாலும் வாசலில். கொஞ்சம் உள்ளே.

வாசல் கதை: பைனேஸும் பார்னேஸும் நேர் மின்னேற்றம் கொண்டவை. கேன்சர் செல்லின் வெளிப்பரப்பு சாதாரண செல்லைவிடக் கூடுதல் எதிர் மின்னேற்றம் கொண்டது. உள்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்பு அங்கே வெளியே தலைகாட்டும், சியாலிக் அமிலம் போன்ற சர்க்கரைகளும் அதிகம். அதனால் இந்த என்சைம்கள் அங்கே அதிகமாக ஒட்டி அதிகமாக உள்ளே போகின்றன. இதை நேரடியாகவே சோதித்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏஸ் எஸ்.ஏ. எதிர் மின்னேற்றம் கொண்டது, கேன்சர் செல்லை ஒன்றும் செய்யாது. அதில் ஐந்து இடங்களில் அமினோ அமிலத்தை மாற்றி லைசின் வைத்து நேர் மின்னேற்றமாக்கினார்கள். அந்த மாற்று வடிவம் கொல்ல ஆரம்பித்தது.

உள் கதைதான் எனக்குப் பிடித்தது. காசுமி-1 என்று ஒரு ரத்தப்புற்றுச் செல் வரிசை உண்டு, ஜப்பானில் 7 வயதுப் பையன் ஒருவனின் நோயிலிருந்து வளர்த்தது. அதில் கே.ஐ.டி., ஏ.எம்.எல்.1-ஈ.டி.ஓ. என்று இரண்டு புற்று ஜீன்கள் ஓடிக்கொண்டிருக்கும். பைனேஸ் அதைக் கொன்றது, ஆரோக்கியமானவர்களின் வெள்ளை அணுக்களை விட்டுவிட்டது. சரி, இது மின்னேற்றமா, ஜீனா? அந்த இரண்டு ஜீன்களில் ஏதாவது ஒன்றை அடக்கிவிட்டு அதே செல்லுக்குப் பைனேஸ் கொடுத்தார்கள். செல் சாகவில்லை. 2011-இல் வந்த முடிவு இது. புற்று ஜீனின் பலத்தில் பிழைக்கும் செல்லுக்கு, அந்த ஜீனின் ஆர்.என்.ஏ. வெட்டுப்படுவதே ஆபத்தாகிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ராஸ் என்ற இன்னொரு புற்று ஜீன் புகுத்திய செல்களும் இதே மாதிரி பைனேஸுக்கு எளிதில் பலியாகின.

இன்னொன்று. 2016-இல், பைனேஸ் ஆர்.என்.ஏ.வை வெட்டுவதோடு நிற்காமல் கே.ராஸ் என்ற புரதத்தையே நேரடியாகப் பிடித்து அதன் சமிக்ஞையைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். அதற்குப் பயன்படுத்தியது ஏ-549, நுரையீரல் புற்றுச் செல். செல்வியின் மாமா பார்த்த செய்தி அனேகமாக இங்கிருந்துதான் கிளம்பியிருக்கும்.

இவையெல்லாம் தட்டில் வளர்த்த செல்களில். எலிகளிலும் செய்திருக்கிறார்கள். 2013-இல் நுரையீரல் புற்றுள்ள எலிகளில் பைனேஸ் கட்டியையும் அது பரவுவதையும் குறைத்தது என்று கட்டுரை வந்தது. ஆனால் தட்டிலிருந்து எலிக்குப் போவது அடுத்த தெருவுக்குப் போவது போல என்றால், எலியிலிருந்து மனிதனுக்கு வருவது சென்னை பைபாஸை நடந்தே கடப்பது.

ஆம்பூர்_தோல்
நான் தோல் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். என்சைம் என்றதும் நின்று படித்தேன். எங்கள் தொழிலில் பேட்டிங் என்று ஒரு கட்டம் இருக்கிறது, சுண்ணாம்பில் ஊறிய தோலை மெத்தென்று ஆக்க என்சைம் பவுடர் போட்டுச் சுற்றுவோம். ஒரு காலத்தில் அதற்கு நாய்ச் சாணம் கரைத்தார்கள். 1907 வாக்கில் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் மாட்டு, பன்றிக் கணைய என்சைமைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த நாற்றம் ஒழிந்தது. லேப்_அக்கா சொல்லும் மாட்டு ஆர்.என்.ஏஸும் அதே கணையத்திலிருந்துதானே வருகிறது? இப்போது பேட்டிங்குக்கும் முடி நீக்கவும் பாசில்லஸ் என்சைம்களும் வருகின்றன. பாக்டீரியா என்சைம் என்பது நம் மாவட்டத்துக்குப் புதுச் சரக்கே கிடையாது. நாங்கள் போடுவது புரதத்தை அரிப்பது, இது ஆர்.என்.ஏ.வை அரிப்பது, அவ்வளவுதான் என்று புரிந்துகொண்டேன்.

செல்வி, சித்தப்பா எந்த வேலை பார்த்தார்? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

குடியாத்தம்_செல்வி
ராணிப்பேட்டை சிப்காட்டில் கெமிக்கல் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார் சார். பீடி, சிகரெட் கிடையாது.

ஆம்பூர்_தோல்
அதைத்தான் நினைத்தேன். தோல் பதனிட நாங்கள் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம், அது வேறு. குரோமேட் தயாரிக்கும் இடத்தில் காற்றில் வருவது ஆறு இணைதிறன். நுரையீரல் புற்றுக்குக் காரணம் என்று ஐ.ஏ.ஆர்.சி. என்ற உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முதல் பிரிவிலேயே வைத்திருப்பது அதைத்தான். ராணிப்பேட்டை குரோமியக் கழிவு மேடு எல்லாருக்கும் தெரிந்த கதை. அவர் என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதை டாக்டரிடம் சொல்லிக் கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள். மருந்து மாறாது, ஆனால் பிறகு ஈ.எஸ்.ஐ., நஷ்டஈடு என்று போகும்போது அந்த ஒரு வரி வேண்டியிருக்கும்.

நெறியாளர்
போன் நம்பரை நீக்கியிருக்கிறேன். கடைப் பெயரும் வேண்டாம். குரோமியம் பற்றித் தனி இழை இருக்கிறது, மேலும் பேச விரும்புகிறவர்கள் அங்கே வாருங்கள்.

மருந்துச்சீட்டு
நான் மருந்தாளுநர், பெரும்பாலும் கேன்சர் மருந்து கலக்கும் பிரிவில் இருந்தவன். இரண்டு பழைய கதைகளைச் சொல்கிறேன், செல்வியின் இரண்டாவது கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.

முதல் கதை ஜெயித்தது. பாக்டீரியா என்சைம் ஒன்று ஏற்கெனவே கேன்சர் வார்டில் தினமும் புழங்குகிறது: ஆஸ்பராஜினேஸ், ஈ.கோலையிலிருந்து வருவது. கினிப் பன்றியின் சீரம் எலிகளின் லிம்போமாவைக் கரைக்கிறது என்று 1953-இல் கிட் என்ற விஞ்ஞானி கவனித்தார். காரணம் அதிலிருந்த இந்த என்சைம். குழந்தைகளுக்கு வரும் ஏ.எல்.எல். ரத்தப்புற்றுச் செல்லுக்கு ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தானே போதுமான அளவு செய்துகொள்ளத் தெரியாது, ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். என்சைம் ரத்தத்தில் அதைக் காலி செய்தால் அந்தச் செல் பட்டினியில் சாகும், மற்ற செல்கள் தாமே செய்து சமாளிக்கும். இங்கே தேர்ந்து கொல்வதற்கான காரணம் தெளிவாக இருக்கிறது, என்சைம் செல்லுக்குள் நுழைய வேண்டிய அவசியமும் இல்லை. அப்படியும் ஒவ்வாமை, கணைய வீக்கம், ரத்த உறைவுக் கோளாறு என்று ஒரு பட்டியல் உண்டு. ஊசி போட்டுவிட்டு நர்ஸ் பக்கத்திலேயே நிற்பார். பாக்டீரியாப் புரதம் நம் உடம்புக்கு அந்நியம், அது கோபித்துக்கொள்ளும்.

இரண்டாவது தோற்றது. ஆங்கோனேஸ் என்று ஓர் ஆர்.என்.ஏஸ், சிறுத்தைத் தவளை முட்டையிலிருந்து எடுத்தது, 104 அமினோ அமிலம். இது பாக்டீரியா வகையல்ல, மாட்டு ஆர்.என்.ஏஸின் தூரத்துச் சொந்தம். ஆனாலும் மனித இன்ஹிபிட்டருக்குச் சிக்காது. லேப்_அக்கா சொன்ன எல்லாப் பொருத்தமும் இதற்கும் இருந்தது. அமெரிக்காவில் ஆல்ஃபாசெல் என்ற கம்பெனி இதை மனிதர்களிடம் மூன்றாம் கட்டச் சோதனை வரை கொண்டுபோனது. நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுக்கு. டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து மட்டும் ஒரு பக்கம், அதோடு ஆங்கோனேஸ் சேர்த்து இன்னொரு பக்கம். 2008-இல் முடிவு வந்தது. சேர்த்துக் கொடுத்ததால் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை.

என் அனுபவத்தில் இந்த மாதிரி சின்னப் புரதங்களுக்கு முதல் எதிரி சிறுநீரகம். மூலக்கூறு எடை 12 கிலோடால்டன் என்றால் சிறுநீரகச் சல்லடையில் தங்காது, சீக்கிரமே வடிந்து போய்விடும். போகிற போக்கில் சிறுநீரகக் குழாய்களிலும் சேரும். ஆங்கோனேஸில் அளவை ஏற்ற விடாமல் தடுத்ததே சிறுநீரகப் பாதிப்புதான், நிறுத்தினால் சரியாகிவிடும் என்றாலும். பைனேஸின் அளவும் கிட்டத்தட்ட அதேதான். இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்காமல் எத்தனை எலிக் கட்டுரை வந்தாலும் நான் உற்சாகப்படமாட்டேன்.

லேப்_அக்கா
மருந்துச்சீட்டு ஐயாவின் சிறுநீரகக் கவலையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆங்கோனேஸ் தோற்றதை வைத்துக் கூட்டத்தையே தள்ளிவிட வேண்டாம் என்பேன். மின்னேற்றத்தை நம்பி என்சைமை வெறுமனே ரத்தத்தில் விடுவது ஒரு வழி. முள்ளுக்கத்திரி சார் சொன்னபடி உள்ளே போனால் எதையும் கொல்லும் என்றால், எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று விலாசம் ஒட்டி அனுப்புவது இன்னொரு வழி. மார்பகப் புற்றில் சிலருக்கு ஹெர்-2 என்ற புரதம் செல்லின் மேல் ஏராளமாக இருக்கும். ஹெர்-2ஐப் பிடிக்கும் ஆன்டிபாடித் துண்டோடு பார்னேஸை ஒட்டிச் செய்து, அந்தச் செல்களைக் கொன்று காட்டியிருக்கிறார்கள். ஒட்டினால் மூலக்கூறும் பெரிதாகிறது, சிறுநீரகத்தில் அவ்வளவு சீக்கிரம் வடியாது. எனக்கு நம்பிக்கை அந்தப் பக்கம்தான். வெறும் பைனேஸை ஊசியாகப் போடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மருந்துச்சீட்டு
அப்படிப் பெரிதானால் கட்டிக்குள் ஊடுருவுவது கஷ்டமாகும், அந்நியப் புரதம் என்று எதிர்ப்பும் கூடும். இருந்தாலும் சரி, அது நியாயமான பாதை.

குடியாத்தம்_செல்வி
படிக்கப் படிக்கத் தலை சுற்றினாலும் புரிகிறது. அக்கா, கே.ராஸ் என்று எழுதியிருந்தீர்களே, சித்தப்பா ஃபைலில் அந்த எழுத்தைப் பார்த்த ஞாபகம். பயாப்சி துண்டை ஏதோ ஜீன் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், ரிசல்ட் வரவில்லை. அது வந்தால் பைனேஸ் வேலை செய்யுமா என்று தெரியுமா?

லேப்_அக்கா
பைனேஸுக்கு வேண்டாம், ஆனால் அந்த ரிசல்ட் முக்கியம் செல்வி. கே.ராஸில் ஜி-12-சி என்ற ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் அதற்கென்றே சோட்டோராசிப் என்ற மாத்திரை 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது, அடுத்த வருஷம் அடாக்ராசிப். தட்டில் பைனேஸ் நெருங்கப் பார்க்கும் அதே கே.ராஸை, ஒரு சின்ன ரசாயன மாத்திரை மனிதர்களில் பிடித்துவிட்டது. நம் நாட்டவரில் நுரையீரல் புற்று நோயாளிகளிடம், அதுவும் புகைபிடிக்காதவர்களிடம், ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஜீனில் வரும் மாற்றம்தான் அதிகம் கிடைக்கும். அதற்கும் மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டரிடம் பைனேஸைப் பற்றிக் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் "ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., கே.ராஸ் ரிசல்ட் எப்போது வரும், வரும்வரை என்ன திட்டம்" என்று கேளுங்கள். ஏதாவது புது மருந்துக்கு ஆள் சேர்க்கிறார்களா என்று பார்க்க வேண்டுமானால் சி.டி.ஆர்.ஐ. என்ற மத்திய அரசின் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். நிஜமான சோதனை என்றால் அதில் பதிவு எண் இருக்கும். மருந்துக்கு நோயாளியிடம் காசும் வாங்கமாட்டார்கள்.

வெயிலூரான்
அந்தப் பவுடர் என்னதான்னு யாராவது பார்த்தீங்களா? லேபிளை அப்படியே எழுதுங்க.

குடியாத்தம்_செல்வி
வெள்ளை டப்பா. மேலே டி.என்.ஏ. ஏணிப் படம். "செல் என்சைம் பிளஸ்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. பின்னால் பொடி எழுத்தில்: புரோமலைன், பப்பாயின், மால்டோடெக்ஸ்ட்ரின், அன்னாசி சுவை. வெறும் வயிற்றில் தினம் இரண்டு ஸ்பூன். உணவுப் பொருளுக்குப் போடும் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் மாதிரி ஒன்று இருக்கிறது. மருந்து லைசென்ஸ் எண் எதுவும் கண்ணில் படவில்லை. விலை ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

லேப்_அக்கா
அன்னாசியும் பப்பாளிக்காயும்! இரண்டும் புரதத்தை அரிக்கிற என்சைம்கள், கறி வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே அதேதான். ஆர்.என்.ஏ.வுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நிஜ பைனேஸையே டப்பாவில் அடைத்து விற்றாலும், வாயால் சாப்பிட்டால் வயிற்றில் மற்றப் புரதங்களோடு சேர்ந்து செரித்துப் போயிருக்கும், கட்டி வரைக்கும் போய்ச் சேராது.

மருந்துச்சீட்டு
செல்வி, ஒன்று கேட்க வேண்டும். சித்தப்பாவுக்கு ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது ஊசியோ மாத்திரையோ தருகிறார்களா?

குடியாத்தம்_செல்வி
ஆமாம் சார், காலில் ரத்தம் உறைந்துவிட்டதென்று வயிற்றில் தினமும் ஓர் ஊசி போடுகிறோம்.

மருந்துச்சீட்டு
அப்படியானால் அந்தப் பவுடரை வாயில் வைக்கவே கூடாது. புரோமலைன் ரத்தம் உறைவதைக் குறைக்கக் கூடியது, அந்த ஊசியோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம். ஒரு ஸ்பூன் சாப்பிட்டிருந்தாலும் நாளை ஓ.பி.யில் சொல்லிவிடுங்கள், டப்பாவையும் கையில் எடுத்துப் போங்கள். திட்டமாட்டார்கள்.

குடியாத்தம்_செல்வி
இன்னும் பிரிக்கவில்லை சார், சீல் அப்படியே இருக்கிறது. சித்தி மட்டும் "ரஷ்யா மருந்து" என்று பூஜை அலமாரியில் வைத்துவிட்டார், எடுத்து ஒளித்துவிட்டேன். 2,400 ரூபாய். திருப்பிக் கொடுத்தால் பணம் தருவார்களா?

ஆம்பூர்_தோல்
பில் கொடுத்தார்களா?

குடியாத்தம்_செல்வி
எங்கே சார் கொடுத்தார்கள். மாமா கூகுள் பேயில் அனுப்பியிருக்கிறார்.

வெயிலூரான்
அந்த ஸ்கிரீன்ஷாட் போதும். சீல் பிரிக்காத டப்பா, அதுவும் கேன்சர் மருந்து என்று சொல்லி விற்றது. மாமா ஃபார்வர்டு செய்த மெசேஜையும் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்க. சனிக்கிழமை காலையில் நான் அந்தத் தெருப் பக்கம்தான் இருப்பேன். மாமாவை டப்பாவோட வரச் சொல்லுங்க, ரெண்டு பேரும் போய்க் கேட்போம். தரலைன்னா மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துட்டு வந்துடலாம்.